பாப்பாவின் மாத்திரைகள்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பால்கனிக் கதவைத் திறந்தேன். நாய் வெளியே போய், மூலையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் ஒன்றுக்குப் போனது. தாளைச் சுருட்டிப் பையில் போட்டேன். தண்ணீர்க் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்தேன். எண்பது மில்லி. முந்தின நாள் காலையில் வைத்தது இரண்டு லிட்டர். கழித்து, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளில் எழுதினேன். கிண்ணத்தைக் கழுவி மறுபடி நிரப்பினேன். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன். இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறினேன். வித்தியாசம் பத்தொன்பது கிலோ இருநூறு. அதையும் எழுதினேன். பிறகு பல் துலக்கினேன்.

சமையலறையில் அத்தை நாய்க்கான சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். வேகவைத்த கோழி, பூசணி, அதன்மேல் ஒரு கரண்டி காளான் பொடி, ஐந்து சொட்டு மீன் எண்ணெய்.

"எவ்வளவு?" என்றார், திரும்பாமல்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது."

"தண்ணிதானே குடிச்சா? அதுக்குமா கணக்கு?"

"போன மாசம் எழுநூறு, அத்தை."

"வெயில் காலம், மாப்பிள்ளை."

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து என்னோடு வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

நான் பெயிண்ட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டப்பாவில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் தொழில். பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். அப்படி இல்லாத நாட்களுக்காகத்தான் எனக்குச் சம்பளம்.

நாயின் பெயர் மேனேஜர். பெண் நாய். வீட்டுக்கு வருகிற எல்லோருடைய பையையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வழிவிடும் என்பதால் என் மனைவி வைத்த பெயர். அத்தை அதைப் 'பாப்பா' என்று கூப்பிடுகிறார். இருபத்தெட்டு வருடம் தன் மகளைக் கூப்பிட்ட பெயர் அது. மகள் போன மூன்றாவது வாரம் நாய்க்கு வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லவில்லை.

ஆறு வாரத்துக்கு முன்பு கழுத்துப் பட்டையை ஒரு துளை தளர்த்த வேண்டியிருந்தது. தடவிப் பார்த்தேன். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டி. பின்னங்கால் மடிப்புகளிலும். கால்நடை மருத்துவர் ஊசியால் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார். நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

"குணமாகும்னு சொல்லமாட்டேன்," என்றார். "வாராவாரம் ஊசி போட்டா நிறைய நாய்ங்க ஒரு வருஷம் வரைக்கும் நல்லா இருக்கும். ஒண்ணும் பண்ணலைன்னா ஒண்ணு ரெண்டு மாசம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் அதுதான் என் பதில்.

அத்தை யோசிக்கவில்லை. ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் யாரையோ விசாரித்து ஒரு இடத்தைக் கண்டுபிடித்தார். நான் காரை ஓட்டினேன்.

செல்லப்பிராணிக் கடையின் மாடியில் ஒரு அறை. பலகையில் 'முழுமை நல மையம்: நாய், பூனை' என்று இருந்தது. உள்ளே மேசை இல்லை, நாற்காலி இல்லை. எல்லோரும் பாயில் உட்கார வேண்டும். மூன்று கால் பூனை ஒன்று எங்களைச் சுற்றி வந்தது. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள். எழுந்து போய் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒன்று கால்நடை மருத்துவப் பட்டம். அடுத்த மூன்று மூலிகை, உணவு, மசாஜ் பயிற்சிக்கானவை. ஐந்தாவது நீச்சல் போட்டியில் இரண்டாம் பரிசு.

நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் மையத்தை நடத்தும் அம்மாள் அத்தையிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். நாய் எங்கே தூங்குகிறது, யார் பின்னால் போகிறது, வீட்டில் சமீபத்தில் ஏதாவது நடந்ததா. கடைசிக் கேள்விக்கு அத்தை அழத் தொடங்கினார். மகளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். வாயைப் பிடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது ஒரு டப்பா காளான் பொடியும் ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார். பதினொரு வழிமுறைகள். ஒவ்வொன்றிலும் நாயின் பெயருக்கு இடம் விட்டிருந்தது. பதினொரு இடத்திலும் பச்சை மையில் 'பாப்பா' என்று எழுதியிருந்தார். பாப்பாவின் கிண்ணத்தைத் தினமும் கழுவ வேண்டும். பாப்பாவிடம் கோபமாகப் பேசக் கூடாது. அத்தை அதைக் கையில் வைத்து வாசித்த விதத்தைப் பார்த்தேன். ஒரு ஆளை வளைத்துப்போட இதைவிட நல்ல வழி கிடையாது.

பத்து நாளில் கட்டிகள் பாதியாகின.

லேபிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துவந்து அளந்தேன். மூன்றாவது வாரம் பிடித்து அளக்க எதுவும் இல்லை. மேனேஜர் சோபாவில் ஏறி இறங்கினாள். தட்டைச் சுவர் வரை நக்கிக்கொண்டே தள்ளிப்போனாள்.

"உங்க அளவுகோல் என்ன சொல்லுது?" என்றார் அத்தை.

"குறைஞ்சிருக்கு."

"சொல்லும்போதே வாய் வலிக்குது உங்களுக்கு."

"எப்படிக் குறைஞ்சுதுன்னு தெரியணும்ல?"

"ஏன் தெரியணும்? அந்தம்மா பொடி குடுக்கறாங்க, குறையுது. நீங்கதான் பொடி வச்சே பேசறீங்க."

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தீராத பசி, தீராத தாகம். உப்பிய வயிறு. இதே வரிசையை இதே வீட்டில் எட்டு மாதம் பார்த்திருக்கிறேன். நுரையீரல் நோய்க்கு என் மனைவி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாள். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பாள். "அந்த அலமாரிக் கதவைக் கழட்டிக் குடு, கடிக்கறேன்," என்பாள்.

அந்தப் பொடியில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று முடிவு செய்தேன். கால்நடை மருத்துவருக்கு போன் போட்டேன். சந்தேகத்தைச் சொன்னேன்.

"ஸ்டீராய்டு போனா கட்டி கரையத்தான் செய்யும். கொஞ்ச நாளைக்கு. அப்புறம் திரும்ப வரும். அப்ப ஊசிக்கும் அடங்காது. எத்தனை நாளா போகுது?"

"நாலு வாரம் இருக்கலாம்."

"எதுல போகுதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. சட்டுனு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. ஊசி போடறதா இருந்தா இந்த வாரமே வாங்க. முன்னாடி சொன்ன ஒரு வருஷத்தை இப்ப சொல்ல முடியாது. ஆனா இன்னும் வழி இருக்கு. அடுத்த மாசம் வந்தீங்கன்னா அதுவும் இருக்காது."

சனிக்கிழமை காலை விடுப்புப் போட்டுவிட்டுப் பொடி டப்பாவோடு அந்த மாடிக்குப் போனேன். செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தேன்.

"இதுல என்ன கலக்கறீங்க?"

அந்த அம்மாள் பூனையின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். "டப்பா மேல எழுதியிருக்கே."

"டப்பா மேல எழுதியிருக்கறதை நம்பாம இருக்கறதுதான் என் வேலை."

"நல்ல வேலை," என்றார். டப்பாவை வாங்கி, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். முகத்தைச் சுளித்தார். "மண்ணு மாதிரி இருக்கும். அவ்வளவுதான். லேபுல குடுத்துப் பாருங்க. ரிப்போர்ட் வந்தா எனக்கும் ஒரு காப்பி குடுங்க, மாட்டி வைக்கறேன். நீச்சல் பரிசு தனியா இருக்கு."

தண்ணீர்க் கணக்கைச் சொன்னேன். எடையைச் சொன்னேன். கட்டிகள் காணாமல் போனதைச் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"பாப்பா என்ன மாத்திரை சாப்பிடறா?"

"ஒண்ணும் இல்ல."

"இருக்குன்னாங்களே உங்க அத்தை. பாப்பா மாத்திரை ஏதாவது சாப்பிடறாளான்னு கேட்டேன். காலையில ரெண்டுன்னாங்க. இதோ, குறிச்சு வச்சிருக்கேன்."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். பச்சை மை. 'மாத்திரை, காலை 2.'

"அதனாலதான் ஏழாவது வரியை அடிக்காம விட்டேன். பாப்பாவின் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். வேற டாக்டர்கிட்ட காட்டிட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன். ஒன்பதாவது என்னன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை.

"பாப்பாவுக்கு நடக்கும் புற்றுநோய் சிகிச்சையைக் கைவிடக் கூடாது. தம்பி, நான் பசியைப் பார்ப்பேன். வலியைப் பார்ப்பேன். நல்லா தூங்க வைப்பேன். கட்டியைக் கரைக்கறேன்னு என்னைக்கும் சொன்னதில்ல. தாளை வாசிக்கவே இல்லையா நீங்க?"

பெயரை எத்தனை தடவை எழுதியிருக்கிறார் என்று எண்ணியிருந்தேன். வரிகளை வாசிக்கவில்லை.

படியில் இறங்கும்போது கணக்கு நேரானது. அன்று அந்த அறையில் அத்தை மகளைப் பற்றிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். நடுவில் ஒரு கேள்வி வந்தது. பாப்பா மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா. கேட்டது நாயைப் பற்றி. பதில் மகளைப் பற்றி. அந்தப் பதில் பச்சை மையில் திரும்பி வந்தது, நாய்க்கு.

வீட்டுக்கு வந்து என் மனைவியின் அலமாரியைத் திறந்தேன். ஐந்து மாதமாகத் திறக்கவில்லை. மருந்து டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே அத்தையின் கையெழுத்து: 'பாப்பா – காலை 2.' அவள் போன மறுநாள் உள்ளே எழுபத்து நான்கு மாத்திரைகள் இருந்தன. எதற்கென்று தெரியாமல் எண்ணியிருந்தேன். இப்போது பதினெட்டு.

டப்பாவைச் சமையல் மேடையில் வைத்தேன். அத்தை அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார்.

"அந்தம்மா எழுதிக் குடுத்தாங்க," என்றார்.

"அது நாய் மாத்திரையைப் பத்தி, அத்தை."

"பாப்பா மாத்திரைன்னு இருந்துச்சு. பாப்பா மாத்திரை இந்த வீட்டுல வேற எங்க இருக்கு?"

"உங்களுக்கு வித்தியாசம் தெரியலையா?"

கைத்துணியை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"முதல் நாள் தெரிஞ்சுது. பொடியோட சேர்த்து நசுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை டப்பாவை மூடித் திறந்தேன். ஒரு வாரத்துல கட்டி குறைஞ்சுது பாருங்க, அதுக்கப்புறம் தெரியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்கிட்ட எதைச் சொல்றீங்க, மாப்பிள்ளை?"

மருத்துவருக்கு போன் செய்து மாத்திரையின் பெயரையும் அளவையும் சொன்னேன். மூன்று மணிக்கு வரச் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இன்றே முதல் ஊசியைப் போட்டுவிடலாம், மாத்திரையை மெதுவாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். அத்தை காரில் பின்சீட்டில் நாயோடு உட்கார்ந்தார்.

காத்திருக்கும் அறையில் ஒரு நீள பெஞ்சு. எதிரே ஒருவர் கூடையில் பூனையோடு உட்கார்ந்திருந்தார். ரத்தம் எடுத்து முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. போடலாம் என்றார் மருத்துவர். உதவியாளர் கதவைத் திறந்து, "மேனேஜர் உள்ள வரலாம்," என்றார். பூனைக்காரர் நிமிர்ந்து என் சட்டையைப் பார்த்தார்.

அத்தை எழவில்லை. நாயின் கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்.

"வேணாம்," என்றார்.

"அத்தை, இந்த வாரம் விட்டா அப்புறம் கிடையாது. டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கள்ல?"

"எல்லாம் கேட்டேன். அவளுக்கும் இப்படித்தான் சொன்னாங்க. கடைசியா அவ என்ன சொன்னா? 'இனிமே ஊசி போட விடாதம்மா.' அதுதான் அவ கடைசி வார்த்தை. அதைக் கேட்டுட்டு இன்னொண்ணுக்குக் குத்த நான் கயித்தைக் குடுக்கவா?"

"அது செவ்வாய்க்கிழமை சொன்னது."

"சரி. அதனால?"

"அவ போனது வியாழக்கிழமை."

உதவியாளர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து மாதத்தில் இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை.

"அப்ப வியாழக்கிழமை என்ன சொன்னா?"

நான் உதவியாளர் பிடித்திருந்த கதவைப் பார்த்தேன்.

"நானும் பார்த்துட்டுதான் இருக்கேன். அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து பால்கனிக்குப் போயிடறீங்க. நான் கண்ணைத் திறக்கும்போது எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. ஏதோ சொல்லியிருக்கா. என்னைப் பத்தித்தான் சொல்லியிருக்கா. திட்டினாளா? இல்லைன்னா ஏன் மறைக்கணும்?"

"உங்களைப் பத்தித்தான்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல. மணிக்கட்டிலிருந்து கயிற்றைப் பிரித்தார். முதல் சுற்று. இரண்டாவது. மூன்றாவதில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது, அதை அவிழ்க்க நேரமானது. கயிற்றை என்னிடம் தரவில்லை. உதவியாளரிடம் நீட்டினார். மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"இப்ப சொல்லுங்க."

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மத்தியானம் ரெண்டே கால் மணி. மூச்சு மாறிடுச்சு. நீங்க மூணு நாளா கண்ணை மூடல, அப்பதான் நாற்காலியில சாய்ஞ்சிருந்தீங்க. உங்களைக் கூப்பிட எழுந்தேன். என் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சா."

"என்ன சொன்னா?"

"அம்மா தூங்கட்டும். எழுப்பாத."