தரையில் வெள்ளைக் கோடுகள்

"சாக்பீஸைத் தின்னுறியாம்மா நீ? இந்த மாசம் இது ஏழாவது," என்றார் தையல்கடை கட்டிங் மாஸ்டர்.

அவள் சிரித்து வைத்தாள். கைப்பையிலிருந்து எடுப்பது யாரென்று தெரியும். போரிலிருந்து திரும்பி நான்கு மாதமாக வாசல் தாண்டாத புருஷன், வீட்டுத் தரையில் சின்னச் சின்னதாக வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். கட்டிலிலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து வாசலுக்கு, அவள் நடக்கும் வழியெல்லாம். எதற்கென்று கேட்டால் வாய் திறப்பதில்லை. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

வேவு பார்க்கிறான் என்று முடிவு கட்டினாள். எத்தனை தடவை வாசலுக்குப் போகிறாள், ஜன்னலோரம் எங்கே நிற்கிறாள் என்று. அழுகைகூட வரவில்லை. மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பெட்டியை அடுக்கினாள். அக்கா ஊருக்கு நான்கு மணிக்கு பஸ்.

வீட்டை அழுக்காக விட்டுப்போக மனம் வராமல் தரையைத் துடைத்தாள். கோடெல்லாம் கரைந்து வாளிக்குள் போனது.

அறையிலிருந்து வந்தவன் நிலைப்படியிலேயே நின்றான். ஒரு காலைத் தூக்கினான். கீழே வைக்கவில்லை.

"ஏன் அழிச்ச?"

"பின்ன? நான் போறது வர்றதுக்கெல்லாம் நீ கோடு போட்டு வேவு பாப்ப, நான் சும்மா இருக்கணுமா?"

"வேவா?" அவன் தூக்கிய காலை நிலைப்படிக்கே இழுத்துக்கொண்டான். "அங்க கண்ணிவெடி எடுக்கறப்ப, முன்னால போனவன் மிதிச்சு ஒண்ணும் ஆகலன்னா அங்க வெள்ளை அடையாளம் வெப்போம். பின்னால வர்றவன் அதுலதான் கால் வெக்கணும்."

"இது வீடுய்யா."

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல."

"வாயத் திறந்து சொன்னா என்ன?"

"சிரிப்பியோன்னு."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. கடிகாரம் மூன்று ஐம்பது காட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் அவன் நின்ற நிலைப்படி வரை போனாள். திரும்பி வாசலை நோக்கி நடந்தாள், குட்டைக் குட்டையாக எட்டு வைத்து, ஒவ்வொரு காலும் தடம் பதிய அழுத்தி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து படியில் இறங்கி நின்றாள்.

பின்னால், ஈரத்தில் ஒரு வெறுங்கால் பதியும் சத்தம். அடுத்ததற்கு வெகுநேரம் ஆனது.

தெருமுனையில் நான்கு மணி பஸ் வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை, நகரவும் இல்லை. பஸ் கிளம்பிப் போனது.