முன்சக்கரத்தின் தடம்

“‘ஓட்டியவரின் கவனக்குறைவு’ங்கற வரியை அடிங்க சார். ‘கம்பெனியின் தவறு’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தார். கேட்டுவிட்டேன். வலது தோளில் கட்டோடு நின்றவர் தலை குனிந்துகொண்டார். அவர் சைக்கிளோடு விழுந்ததைப் பற்றிக் கம்பெனி எழுதிய அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டால், பத்தொன்பது வருடம் பார்சல் சைக்கிள் மிதித்தவர், ஓட்டத் தெரியாதவர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“என்னய்யா, படிக்க வெச்சா இப்படியா வாய் நீளும்?” முதலாளி என்னைப் பார்க்காமல் அப்பாவைக் கேட்டார்.

“சின்னப் பொண்ணு சார், தெரியாம...”

“தெரிஞ்சுதான்ப்பா கேக்கறேன்.”

மேஜையிலிருந்த முத்திரை மையை எடுத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்கு நடந்தேன். முதலாளி அந்தத் தாளோடு கத்திக்கொண்டே பின்னால் வந்தார்; அப்பாவும் வந்தார். அப்பாவின் சைக்கிளில் பெட்டி இன்னும் பின்னால்தான் இருந்தது. நாற்பது கிலோ. இரண்டு டயரிலும் மை தடவி, கீழே வெள்ளைத் தாள் வைத்து, பஞ்சர் போடும் அண்ணனை ஏறி உட்காரச் சொன்னேன்.

“கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கற மாதிரி உக்காரச் சொல்றியேம்மா” என்று சிரித்தபடி ஏறினார்.

பின்சக்கரத்தின் தடம் அரை உள்ளங்கை. முன்சக்கரத்தின் தடம் என் கட்டைவிரல்கூட இல்லை. முதலாளிக்குக் காட்டிச் சொன்னேன்.

“பாரம் பூராப் பின்னால. முன்னால பாரமே இல்லாத சக்கரத்துக்கும் அதே எழுபது பவுண்டு காத்து. அது ரோட்டைத் தொடறதே இவ்வளவுதான். மழையில திருப்பினா வழுக்காம என்ன செய்யும்?”

முன்டயரில் பாதிக் காற்றை இறக்கி மறுபடி எடுத்தேன். தடம் இரண்டு மடங்கு.

“நானும் சொன்னேன் சார்” என்றார் அண்ணன், இறங்காமலே. “‘எல்லா டயரும் கல்லா இருக்கணும், அப்பத்தான் வேகமாப் போவானுங்க’ன்னீங்க.”

முதலாளி முகம் சிவந்தது. “மை பூசி எனக்கே பாடம் எடுக்கறியா? யோவ், கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வராதே.”

அப்பா இடது கையால் பேனாவை வாங்கினார். விழுந்தது அவர், எலும்பு உடைந்தது அவருக்கு, மன்னிப்புக் கேட்பதும் அவரா!

“போடாதீங்கப்பா. நான் தொழிலாளர் ஆபீசுக்குப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

“பாப்பா, வேணாம்டா...”

தடம் பதிந்த மூன்று தாள்களையும் மை காயும் முன்பே மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழையில் இறங்கி நடந்தேன்.