இடப்பக்கத்து ஆர்கன்

வைடன்பாக் பங்குக் கோவிலின் இடது பாதி பொய்.

வலப்பக்கச் சுவரில் ஒரு கதவு. அதற்கு நேர் எதிரே, இடப்பக்கத்தில், அதே அளவில் தீட்டிய கதவு. பிடி உண்டு, சாவித் துவாரம் உண்டு, எல்லாம் சாயம். வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் ஜன்னலின் ஓவியம், அதில் எப்போதும் மதியம். கோவிலைக் கட்டிய தலைமைக் கொத்தனார், எதற்கும் இணை ஒன்று எதிரே இருந்தாக வேண்டும் என்று நம்பிய காலத்தவர். வசதி ஒன்றுக்குத்தான் இருந்தது. இணையை ஓவியர் பார்த்துக்கொண்டார். பொய்யெல்லாம் ஏன் இடப்பக்கமே விழுந்தது என்று கீழூர்க்காரர்களைக் கேட்டால் சட்டென்று பதில் வரும்: கொத்தனார் மேலூர்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மேலூர், இந்தப் பக்கம் கீழூர். இரண்டுக்கும் ஒரே கோவில். மேலூர் வலப்பக்கப் பெஞ்சுகளில் உட்காரும், கீழூர் இடப்பக்கம். கல்யாணமாகிப் பாலத்தைத் தாண்டிய பெண் பெஞ்சும் மாறுவாள்.

வாசலுக்கு மேலே பாடகர் மாடம். நடுவில் வட்ட ஜன்னல், அதன் இருபுறமும் இரண்டு ஆர்கன்கள். ஒரே செதுக்கல், ஒரே பொன் பூச்சு, உச்சியில் ஒரே குண்டுத் தேவதூதன். வலப்பக்கத்தது பாடும். இடப்பக்கத்தது வெறும் கூடு. வெளியே தெரியும் குழல்கள் வெள்ளிச் சாயம் பூசிய மரம். உள்ளே பாடகர் குழு தன் பீர்ப் பெட்டிகளையும் கிறிஸ்துமஸ் குடிலின் ஒட்டகத்தையும் வைத்திருந்தது. "உங்க ஆர்கனை எலிதான் வாசிக்கும்" என்று மேலூர் சொல்லாத திருவிழா கிடையாது.

ஆர்கன் வாசிப்பவள் அஃப்ரா லெக்னர். வார நாட்களில் பாலத்தடியில் டயர்க் கடை. இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத வீடு அது. எனவே இரண்டு ஊரும் அவளை ஏற்றுக்கொண்டிருந்தன. பள்ளி முடித்த வருஷத்திலிருந்து அந்த ஆர்கன் அவள் கையில். குளிர் மாதங்களில் காலால் மிதிக்கும் அதன் அடிக்கட்டை, படுத்திருக்கும் கிழட்டு நாய் எழுந்திருப்பதைப் போல ஒரு கணம் தாமதித்துத்தான் குரல் கொடுக்கும். அந்தத் தாமதத்துக்கு ஏற்ப அவள் கால் ஒரு கணம் முன்னதாகவே இறங்கும். வேறு ஆர்கனில் உட்கார்ந்தால் அந்தக் கால் தப்புச் செய்யும். வேறு ஆர்கன் அவளுக்கு வேண்டியிருக்கவும் இல்லை.

சென்ற வசந்தத்தில் அது பழுதுபார்க்கப் போனது. ஆர்கன் தச்சர் கம்மர்ல் குழல்களை ஒவ்வொன்றாகப் போர்வையில் சுற்றி, குழந்தைகளைத் தூக்குவதுபோல் படியிறக்கி, வண்டியேற்றினார். அதுவரை சமாளிக்க ஒரு மின் ஆர்கன் வாடகைக்கு வந்தது. அதன் ஒலிபெருக்கிகள் கண்ணில் படக்கூடாது என்றது தொல்சின்னத் துறை. மறைக்க ஓர் இடம்தான் இருந்தது. அஃப்ரா ஒட்டகத்தை நகர்த்திவிட்டு, ஒலிபெருக்கிகளை இடப்பக்கக் கூட்டுக்குள் தானே தூக்கி வைத்தாள்.

அவள் செய்த தவறு அதுதான்.

அடுத்த ஞாயிறு திருப்பலி தொடங்கியபோது, மூன்று நூற்றாண்டாக வாய் திறக்காத இடப்பக்க ஆர்கன் முழங்கியது. கீழே இடப்பக்கப் பெஞ்சுகளில் எல்லாத் தலைகளும் திரும்பின. முணுமுணுத்தே பழகிய கீழூர் தொண்டை திறந்து பாடியது. மேலூர் கையைக் கட்டிக்கொண்டது. பாடகர் குழுவின் உச்ச ஆண்குரல்களான டெனர்கள் நிற்பது இடப்பக்கக் கூட்டுக்கு நேர் முன்னால். அவர்களில் முதல்வன் கிலியான் ஸ்டாட்லர், கீழூர் இறைச்சிக்கடைக்காரன், அஃப்ராவின் வகுப்புத் தோழன். பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினான்.

"நம்ம ஆர்கன் பேசுதுடி" என்றான்.

கோடை முடிவதற்குள் கீழூரில் திருப்பலிக்கு வராதவரே இல்லை என்றாயிற்று. அந்தச் சமயத்தில்தான் ஆற்றோர மடாலயம் ஒன்று, பழைய ஆர்கனை வைடன்பாக் தருமானால் தாங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியது. தந்துவிடலாம், மின் ஆர்கனையே வைத்துக்கொள்ளலாம் என்று பங்குப் பேரவையில் முதலில் கை தூக்கியவன் கிலியான். கோவில் திருநாளுக்கு முன் வாக்கெடுப்பு என்று முடிவானது.

அஃப்ரா இறைச்சிக்கடைக்குப் போனாள்.

"கிலியான், அது ஆர்கன் இல்ல. ஸ்பீக்கர். வயரைப் பிடுங்கினா செத்துடும்."

"உன்னுதுலயும் மோட்டாரை நிறுத்தினா துருத்தி செத்துடும்." அவன் வெள்ளை சாஸேஜை அவிழ்த்து எடை போட்டுக்கொண்டிருந்தான்.

"அதுக்கு உயிர் இருக்குடா."

"இருக்கட்டும். மேலூர்ப் பக்கம் இருக்கு. எங்கம்மா ஆயுசு முழுக்க அந்தப் பொம்மைக்கு அடியில உட்கார்ந்து ஜெபிச்சாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அது அவங்களப் பார்த்து ஒரு சத்தம் போட்டிருக்குமா?"

"சத்தம் கோவில் முழுக்கத்தானே கேட்டுது?"

"பக்கத்து வீட்டுக் கல்யாணச் சத்தம் என் வீட்டுலயும்தான் கேக்கும். அதுக்காக எனக்கா கல்யாணம்?"

அஃப்ரா சாஸேஜை வாங்காமலே வெளியே வந்தாள். பாலத்தின் நடுவில் வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. மின் ஆர்கன் நன்றாக ஒலிக்கிறது என்று கிலியான் சொல்லவில்லை. கீழூரில் யாருமே சொல்லவில்லை.

அவள் கடைக்குத் திரும்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கம்மர்லின் பட்டறைக்குப் போனாள்.

குழல்கள் மேசைகளில் வரிசையாகப் படுத்திருந்தன. கழுவிய பிறகு ஈயமும் தகரமும் புதுக் கரண்டிபோல் மின்னின. கம்மர்ல் பிரெட்ஸல் ரொட்டியை மென்றபடி ஒரு குழலின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. உங்க ஊரு முடிவு பண்ணிடுச்சா? எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. மடத்துல விசாலமான இடம். உங்க கூட்டுல குழல்களோட பெரிய பகுதிக்குப் பின்னாடி சின்னப் பகுதியச் சொருகி வெச்சிருக்கான் அந்தக் காலத்து ஆளு. ஒவ்வொரு தடவையும் ஒருக்களிச்சுப் படுத்துதான் சுருதி சேர்க்கணும். என் தோள்பட்டையைக் கேளுங்க, அது சொல்லும்."

அஃப்ரா அவரையே பார்த்தாள்.

"அந்தச் சின்னப் பகுதிய வெளிய எடுத்து இடப்பக்கக் கூட்டுல வெச்சா?"

அவர் மெல்வதை நிறுத்தினார்.

"கீழ் விசைப்பலகையை வாசிச்சா வலப்பக்கம் பாடணும்" என்றாள். "மேல் விசைப்பலகையை வாசிச்சா இடப்பக்கம். நான் நடுவுல."

"விசையையும் குழலையும் இணைக்கற சலாகை மாடத்துத் தரைக்கு அடியில ஓடணும்." அவர் பிரெட்ஸலை ஒரு குழலின் மேல் வைத்தார், பதறி எடுத்தார். "ஓடும். காத்துக் குழாயும் ஓடும்."

"அப்புறம் ஏன் இவ்வளவு நாளா யாரும் செய்யல?"

"யாரு கேட்டா? மேலூருக்குக் கேக்க வேண்டிய அவசியம் இல்ல. கீழூரு முழு ஆர்கன்தான் கேட்டுது. பாதியைக் கேக்கறதுக்கு ரெண்டு ஊருலயும் ஆள் இல்ல."

மீதி இருந்தது தொல்சின்னத் துறை. அடுத்த நாள் ஒரு லாரிக்கு டயர் மாற்றிய கையோடு அஃப்ரா அங்கே தொலைபேசினாள். எடுத்த பெண்மணிக்கு வைடன்பாக் கோவில் மனப்பாடம்.

"முடியாதும்மா. அந்தக் கூடு காலியா இருக்கறதுதான் அதோட வரலாறே."

"அதாவது, பொய்யைக் காப்பாத்தணும்?"

"முன்னூறு வருஷப் பொய். சாதாரணப் பொய் இல்ல." சற்று நேரம் காகிதம் புரளும் சத்தம். "உள்ள இப்ப என்ன இருக்கு?"

"ஸ்பீக்கர். பீர்ப் பெட்டி. ஒரு ஒட்டகம்."

"ஆணி அடிச்சிருக்கீங்களா?"

"ஒட்டகத்துலயா?"

"கூட்டுல."

"இல்ல. சும்மா நிக்குது."

"அப்ப எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. கூட்டைத் தொடாம, தன் கால்ல நின்னு, நாளைக்கே வெளிய எடுக்க முடியற எதையும் வெச்சுக்கலாம்."

"குழல் வெக்கலாமா?"

மறுமுனையில் மறுபடி காகிதம் புரண்டது.

"ஒட்டகம் மாதிரியே நிக்குமா?"

"அப்படியே நிக்கும்" என்றாள் அஃப்ரா.

வாக்கெடுப்பு நாளன்று பங்கு மண்டபத்தில் மேசையின் வலப்பக்கம் மேலூர், இடப்பக்கம் கீழூர். யாரும் சொல்லி உட்காரவில்லை. தலைப்பில் பங்குத்தந்தை ப்ரோல். ஐந்து பங்குகளுக்கு ஒரே சாமியார், கையில் எப்போதும் கார் சாவி. அஃப்ரா தன் திட்டத்தைச் சொன்னாள். கம்மர்ல் படம் வரைந்து காட்டினார்.

முதலில் கிலியான் பேசினான். "ஆக, பெருசு அவங்களுக்கு. சின்னது எங்களுக்கு."

"பெருசு எப்பவும் இருந்த எடத்துலதான் இருக்கும்" என்றார் நோட்புர்கா. மேலூரில் பெரிய பால் பண்ணை அவருடையது. குழுவின் உச்சப் பெண்குரல், முதல் சோப்ரானோ.

"அப்ப மடத்துக்கே போகட்டும். ஸ்பீக்கரு எங்க பக்கம் முழுசா இருக்கு."

"முழுசா இருக்கறதாவது! சலூன் ரேடியோ மாதிரி இருக்கு."

"உங்களுக்குக் கேக்காது, அக்கா. நீங்கதான் வலப்பக்கமாச்சே."

"சாமி, பாருங்க இவன!"

"எனக்கு இன்னொரு ஊர்ல அடக்கம் இருக்கு" என்றார் பங்குத்தந்தை. "செத்தவரு காத்திருப்பாரு, அவரோட மச்சான்மாரு காத்திருக்க மாட்டாங்க. கையைத் தூக்குங்க."

அஃப்ரா மேசைக்கு எதிரே எண்ணினாள். எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை. இடப்பக்கம் ஒரு கைகூடத் தன் பக்கம் வராது, அந்தக் கைகள் இல்லாமல் திட்டம் நிறைவேறாது. மடாலயத்தின் விசாலமான மாடத்தில் வேறு யாரோ ஒருவரின் கால் அந்த அடிக்கட்டையை மிதிப்பது அவள் கண்ணில் தெரிந்தது. அந்தக் கால் ஒரு கணம் முந்தி இறங்கத் தெரியாத கால்.

"ஒரு நிமிஷம்" என்றான் கிலியான். கம்மர்ல் பக்கம் திரும்பினான். "மொத்த ஆர்கன்லயும் பெரிய சத்தம் எது?"

"எக்காளக் குழல் வரிசை" என்றார் கம்மர்ல். "மத்த எல்லாம் சேர்ந்து கத்தினாலும் அது மேலதான் கேக்கும்."

"அது எந்தப் பகுதியில இருக்கு?"

"பெரியதுல."

"அது எங்க பக்கம் வரணும். வந்தா கை தூக்கறோம்."

"சின்னதுலேர்ந்து ஒரு மரக்குழல் வரிசையை இங்க கொண்டுவந்துட்டு எக்காளத்தை அங்க வெக்கலாம். முடியாதுன்னு இல்ல. ஆனா, டெனர் நிக்கற எடம்..."

மேசைக்கடியில் அஃப்ராவின் செருப்பு கம்மர்லின் பாதத்தில் இறங்கியது.

"...நல்ல எடம்" என்று முடித்தார் கம்மர்ல்.

நோட்புர்கா எல்லாவற்றையும் பார்த்தார். எக்காளம் அத்தனை காலமும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பற்றி அவருக்குத் தெரியாததில்லை. அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"கீழூர் இவ்வளவு ஆசையாக் கேக்குது" என்றார். "குடுத்துடலாம், சாமி. அண்ணன் தம்பிக்குள்ள என்ன இருக்கு?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பங்குத்தந்தை கார் சாவியோடு சேர்த்துத் தன் கையையும் தூக்கிவிட்டு ஓடினார்.

கோவில் திருநாளன்று கோபுரத்தில் கொடி பறந்தது. இரண்டு ஊரின் அடுப்புகளிலும் வாத்து வெந்துகொண்டிருந்தது. கோவிலில் நிற்கவும் இடமில்லை.

அஃப்ரா நடுவில் உட்கார்ந்தாள். முதல் பாட்டுக்கு எக்காளத்தை அவள் தொடவில்லை. கீழ்ப் பலகையில் ஓர் அடி வாசித்தாள், வலப்பக்கம் பாடியது. மேல் பலகையில் அடுத்த அடி. இடப்பக்கக் கூட்டுக்குள் சின்னப் புல்லாங்குழல்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பாடின.

ஒலிபெருக்கியில் அந்த மூச்சு இல்லை. கீழூர்ப் பெஞ்சுகளில் யாரும் இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து கேட்டார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, ஓர் அடியை மேலூர் பாடியது, அடுத்த அடியைக் கீழூர் பாடியது. சிறிது தூரம் போனதும் எது எவருடைய அடி என்பது இரு பக்கமும் மறந்துபோய் எல்லாரும் எல்லாவற்றையும் பாடினார்கள். அஃப்ராவின் கால் அடிக்கட்டைக்கு ஒரு கணம் முன்னதாக இறங்கியது. கம்மர்ல் அந்தத் தாமதத்தையும் சரிசெய்துவிட்டிருந்தார். குரல் உடனே வந்தது. அவள்தான் தப்புச் செய்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இனிப் புதிதாகப் பழக வேண்டும், அவ்வளவுதானே.

கிலியான் கிசுகிசுத்தான். "எக்காளம் எங்கடி?"

"கடைசிப் பாட்டுல."

"ஏமாத்திடாத."

"மாட்டேன்."

கடைசியாக நன்றிப் பாட்டு வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். அஃப்ரா எக்காள வரிசையைத் திறக்கும் குமிழை இழுத்தாள்.

இடப்பக்கக் கூடு வெடித்தது. மற்ற டெனர்கள் நால்வரும் ஒருசேரக் குனிந்தார்கள், ஒருவர் பாட்டுப் புத்தகத்தால் தலையை மூடிக்கொண்டார். கிலியான் மட்டும் நிமிர்ந்து நின்றான். ஓடும் டிராக்டருக்கு மேலே கத்துபவனைப்போல் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான். கீழே கீழூர் முழுதும் தலையை உயர்த்திச் சிரித்தபடி பாடியது. வலப்பக்கம், தன் வாழ்நாளில் முதல் முறையாக, நோட்புர்காவுக்குத் தன் குரல் தனக்கே கேட்டது.

பாட்டு முடிந்தது. அஃப்ரா திரும்பினாள்.

"எப்படி இருந்துச்சு?"

"என்ன?" என்றான் கிலியான்.

"எக்காளம்! எப்படின்னு கேட்டேன்!"

"என்ன?"

நோட்புர்கா மாடத்தைக் கடந்து வந்து அவன் காதருகே வாயை வைத்தார். "எங்க பக்கம் வந்து நில்லுடா தம்பி! எடம் இருக்கு!"

அது மட்டும் கேட்டது.

"செத்தாலும் வர மாட்டேன்!" என்று கத்தினான். அவன் கத்துவது அவனுக்கே தெரியவில்லை. கீழே வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்தார்கள்.

"அப்ப அடுத்த ஞாயிறு இழுக்க வேணாமா?" அஃப்ரா குமிழைத் தொட்டுக் காட்டினாள்.

கிலியான் அந்தக் குமிழைப் பார்த்தான். இடப்பக்கக் கூட்டைப் பார்த்தான். காதை ஒரு தட்டுத் தட்டினான்.

"ஒவ்வொரு ஞாயிறும்!" என்றான்.