எந்தப் பெட்டியில் கூப்பிட்டாள்

எக்கோக்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். நாற்காலிகளின் மேல் ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர் என்றால் ஒரு நாற்பது பேர் இருப்பார்கள். தரையிலிருந்து பார்க்கும்போது கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கணக்கில் நாலாயிரம். கூடத்தின் நடுவில், பூக்களுக்குள், அவர் மனைவி படுத்திருந்தாள். பத்துப் பதினைந்து கச்சேரிக்குப் போட வேண்டிய பவுடரை யாரோ ஒரே தடவையில் அவள் முகத்தில் போட்டுவிட்டிருந்தார்கள்.

“மாப்ளே, எந்திரிங்க. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

மனைவியின் அண்ணன். பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு ஆபீசுக்குத்தான், கைக்கு இல்லை. கட்டுவதற்கு எதுவும் கிடைக்காத நாளில் வீட்டுத் தலையணைகளைக் கட்டிப்போடுவார்.

“மச்சான், கட்டில் பக்கத்துல ஸ்டூல் மேல ரெண்டு பெட்டி இருந்துச்சே, எங்க?”

“எந்தப் பெட்டி?”

“எக்கோ பெட்டி. ஒண்ணு பச்சை, ஒண்ணு வெள்ளி.”

“அதுவா? பத்திரமா கட்டி வெச்சிருக்கேன். ஜனம் வர்ற எடத்துல சாமான் கெடக்கலாமா?”

“ஒயர்?”

“அதையும் உருவி, சுருட்டி, முடிச்சுப் போட்டாச்சு.”

“எந்தப் பெட்டிலேந்து உருவுனீங்க?”

மச்சான் யோசித்தார். நாற்பது வருஷச் சேவையில் யாரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. “ஒயர்னா ஒயர்தானே மாப்ளே. இழுத்தேன், வந்துச்சு.”

எக்கோக்காரர் எழுந்திருக்கவில்லை. கால்களுக்கு நடுவில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெட்டிகளால் அந்த வீட்டில் நடந்த சண்டையை வைத்து ஒரு மகாயுத்தமே நடத்தியிருக்கலாம். அவள் மெல்லிசை மேடைப் பாடகி. அவர் அவளுக்கு மைக் வைத்து, ஒலி கூட்டி, எதிரொலி போட்டவர். பச்சைப் பெட்டி அவருடையது, பழைய அனலாக். தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றுவார்கள் இல்லையா, அந்த மாதிரி அதற்குள் குரல் கைமாறிக் கைமாறிப் போகும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும். அதனால் இரண்டாவது முறை வரும் குரல் சற்று மங்கலாக இருக்கும், மூன்றாவது அதைவிட மங்கல், அப்புறம் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாய் நடந்துபோவது போலக் கரைந்துவிடும். வெள்ளிப் பெட்டி அவள் பிடிவாதமாக வாங்கிய டிஜிட்டல். அது குரலை எண்களாக எழுதி வைத்துக்கொண்டு அப்படியே திருப்பி வாசிக்கும். ஒரு சொட்டு சிந்தாது.

“உங்க பெட்டில பாடினா முதல்ல எனக்கு இருபது வயசு, மூணாவது எக்கோல தொண்ணூறு” என்பாள்.

“இது எக்கோ இல்லடி, கிளிப்பிள்ளை. எந்த மலையாவது பளிச்சுனு திருப்பிச் சொல்லுமா?”

“நான் என்ன மலையையா கட்டிக்கிட்டேன்?”

அவர் பச்சைப் பெட்டியைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

படுக்கையில் விழுந்தபோது அவள் குரல் நூலாகிவிட்டது. அவர் வீட்டுக்குப் பின்னால் பட்டறையில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர், கூப்பிட்டால் கேட்காது. அதனால் தலையணைப் பக்கத்தில் ஒரு மைக்கும், பட்டறையில் ஒரு ஸ்பீக்கரும் வைத்துக் கொடுத்தார். “பெட்டி இல்லாம வெறும் மைக்குல பேசி எனக்குப் பழக்கமில்ல” என்று அவள் வெள்ளிப் பெட்டியை நடுவில் சொருகச் சொன்னாள். பச்சைப் பெட்டியும் ஸ்டூலுக்கு வந்தது. மருந்து டம்ளர் வைப்பதற்கு! அவர் நெஞ்சில் ஆணி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கடைசி வாரம் வெள்ளிப் பெட்டியின் எக்கோவையும் திருகி மூடிவிட்டாள். “ஒரு தடவ கூப்பிட்டா வந்துடுங்க, போதும்.”

நேற்று மத்தியானம் அவர் கையில் பற்றவைக்கும் கோல் இருந்தது. ஈயம் உருகிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் அவள் குரல்.

“ஏங்க.”

அப்புறம், தாளம் பிசகாத இடைவெளியில், சற்று மங்கலாக இன்னொரு “ஏங்க”. அப்புறம் இன்னும் மங்கலாக, முக்கால்வாசி காற்றாக, மூன்றாவது.

எக்கோக்காரருக்கு முகமெல்லாம் பல். வெள்ளிப் பெட்டி எக்கோ போட்டிருந்தால் மூன்றும் ஒரே அச்சாக வந்திருக்கும். இது பச்சை! டம்ளரை இறக்கிவிட்டு, ஒயரை மாற்றிச் சொருகி, என் பெட்டியில் கூப்பிடுகிறாள். இத்தனை வருஷத்துக்கப்புறம் மகாராணி சமாதானக் கொடி காட்டுகிறாள். உடனே ஓடினால் மரியாதையா? அவர் அந்த இணைப்பை நிதானமாக முடித்தார். ஊதி ஆறவைத்தார். போய் என்ன சொல்வது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்தார். “என்ன, மலை கூப்பிட்டுச்சா?” என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனார்.

போனபோது கேட்பதற்கு அவள் இல்லை.

அப்போது அவர் பெட்டிகளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். விடிந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஒயர் பச்சைப் பெட்டியில் இருந்திருந்தால், அவள் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள், விளையாட்டாக. வெள்ளியில் இருந்திருந்தால் மூன்று தடவையும் கூப்பிட்டது அவள்தான். மங்கியது பெட்டி இல்லை.

“மாமா, ஏன் கீழ உக்காந்திருக்கீங்க? ஒரு வாய் காப்பி குடிங்க.”

மனைவியின் தங்கை. நேற்றுக் காலை வந்து அக்காவுக்குத் தலைவாரிவிட்டுப் போனவள். எக்கோக்காரர் டம்ளரை வாங்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நேற்று கேட்டது, ஒத்திகை பார்த்தது, பச்சை, வெள்ளி எல்லாவற்றையும் கொட்டினார். பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பச்சைலதான் மாமா” என்றாள்.

“என்னம்மா?”

“பச்சைப் பெட்டிலதான். நான்தான் ஒயர மாத்திக் குடுத்தேன். ‘இன்னிக்கு அந்த மனுஷன் பெட்டிலயே பேசிப் பாக்கறேன்டி, பொழச்சுப் போகட்டும்’னா.”

“பொழச்சுப் போகட்டும்னா சொன்னா?”

“ஆமா.”

எக்கோக்காரர் சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்பு இல்லை. பந்தல்காரன், பூக்காரன், தெருமுனை வரை கேட்ட சிரிப்பு. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பழைய குழுவின் டிரம்ஸ்காரர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், “கொட்டறதுக்கு ஒரு வழி வேணும்ல, விடுங்க” என்றார். எக்கோக்காரர் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். வண்டி வந்ததும் முன்னால் நின்று தானே தோள் கொடுத்தார். வழியெல்லாம் மச்சானிடம் பேசிக்கொண்டே வந்தார்.

“கடைசில என் பெட்டிக்கு வந்துட்டா மச்சான், பாத்தீங்களா?”

“வராம எங்க போவா” என்றார் மச்சான், எதைப் பற்றி என்று தெரியாமலே.

திரும்பி வந்தபோது நாற்காலிகளை அடுக்கிவிட்டிருந்தார்கள். வீடு கழுவிய ஈரத்தில் சத்தம் அதிகமாகக் கேட்டது. செருப்பைக் கழற்றினால்கூடக் கூடம் முழுக்க. எக்கோக்காரர் மச்சானின் பார்சலைப் படுக்கையறைக்கு எடுத்துப்போய் அவிழ்த்தார். கப்பலில் அனுப்புவதற்குக் கட்டியது போல அத்தனை முடிச்சுகள், கத்தரிக்கோலே களைத்துப்போனது. பச்சைப் பெட்டியை உள்ளங்கையில் எடுத்தார். மூடியில் டம்ளர் வைத்த வட்டம் அப்படியே இருந்தது.

கையில் அது எப்போதும் இருக்கும் கனத்தில் இல்லை.

வெள்ளிப் பெட்டி மின்சாரத்தில் ஓடுவது. பச்சை பேட்டரியில் ஓடுவது, அது இல்லாவிட்டால் குரலே வெளியே வராது. திருப்பி, அடிமூடியை நகத்தால் நெம்பினார். உள்ளே பேட்டரி இல்லை. அது இருக்கும் குழியில் தூசி மெத்தை போலப் படிந்திருந்தது. டம்ளர் வைக்கும் பெட்டிக்குப் பேட்டரி எதற்கு என்று அவரேதான் கோபத்தில் கழற்றிப் போட்டு, மறந்தும் போயிருந்தார்.

அவர் குழிக்குள் விரலை விட்டு, ஒட்டிய தூசியைப் பார்த்தார்.

“என்ன மாமா பாக்கறீங்க?” தங்கை துடைப்பத்தோடு வாசற்படியில் நின்றாள். “பெட்டி நல்லா இருக்குல்ல?”

அவர் மூடியை அழுத்தி மூடினார். “நல்லா இருக்கும்மா. ஒண்ணும் ஆகல.”

“நேத்து நல்லாத்தான் கேட்டுச்சு, இல்ல?”

“நல்லாக் கேட்டுச்சு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு அறையின் மூலையிலிருந்து பெருக்க ஆரம்பித்தாள். அவர் பெட்டியோடு பட்டறைக்குப் போனார். மேஜைமேல் கிடந்த, மின்சாரம் சோதிக்கும் மீட்டரின் முதுகைத் திறந்து, அதன் பேட்டரியைக் கழற்றிப் பச்சைப் பெட்டியில் போட்டார். மறுபடி வந்து, தலையணைப் பக்கத்து மைக்கின் ஒயரையும் பட்டறை ஸ்பீக்கரின் ஒயரையும் அதில் சொருகி, ஸ்டூலில் வைத்தார்.

பட்டறையில் நேற்று முடித்த இணைப்பு பளபளவென்று இருந்தது. அவர் கோலைச் சூடாக்கவில்லை. ஸ்பீக்கர் வழியாகத் துடைப்பத்தின் சத்தம் வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் மங்கல் மங்கலாக இன்னும் இரண்டு. அப்புறம் அதுவும் நின்றது. விரிப்பை உதறும் சத்தம். மடிக்கும்போது அவள் கை பட்டிருக்க வேண்டும். மைக் கட்டில் சட்டத்தில் டொக்கென்று இடித்தது.

“என்ன மாமா?” விரிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தங்கை திரும்பினாள்.

அறை வாசலில் மூச்சு வாங்க நின்றிருந்தார் எக்கோக்காரர். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பின்னால், ஆளில்லாத பட்டறையில், மூன்றாவது டொக் இன்னும் முழுசாகக் கரைந்திருக்கவில்லை.