சுழலுக்கு முன்னால் ஒரு பலகை

நோயல் தகரப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, தமிழ் எழுத்துகளுக்கு நீல வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். ஜீவனஹள்ளியில் அவன் வீட்டை ஒட்டிய கொட்டகைதான் பட்டறை. தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்ததால் குடங்களின் சத்தமும், பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் நடந்த சண்டையும் உள்ளே கேட்டன. அவன் மனைவி யூனிஸ் ஒரு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி பலகையைப் படிக்கத் தொடங்கினாள். பக்கத்துப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு அவள் டீச்சர்.

காவிரி ஒரு மலையிடுக்கில் நுழையும் இடத்தில் விடுதி நடத்தும் கிளாரன்ஸ் கொடுத்த வேலை அது. ஆற்றங்கரையில் வைப்பதற்காக, இடுக்கின் வரலாற்றை ஒரு பேராசிரியரிடம் எழுதி வாங்கி, மூன்று மொழிகளில் தந்திருந்தார். அகன்று வரும் ஆறு அங்கே கரும்பாறைகளுக்கு நடுவில் ஒடுங்கி, பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையை அறுத்து வழி செய்துகொண்டது. சுழலில் சிக்கிய கூழாங்கற்கள் சுற்றிச் சுற்றியே பாறையில் ஆட்டுக்கல் போன்ற குழிகளைக் குடைந்தன. ஆழத்தில் பெரிய மீன்கள் உண்டு, கரையில் நீர்நாய்கள் உண்டு. மரப்படகு எதுவும் அந்த இடுக்கில் தாக்குப்பிடித்ததில்லை. தோல் போர்த்திய மூங்கில் பரிசல் மட்டுமே ஓடியது. அதுவும் ஆற்றோடு இறங்கத்தான் முடியும். திரும்பும்போது பரிசல்காரர்கள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைமேல் நடந்தே வருவார்கள்.

வரலாறு மூன்று மொழிகளிலும் ஒன்றுபோல் இருந்தது. முடிவு மட்டும் வேறாக இருந்தது.

"என்னங்க, இங்கிலீஷ்ல கடைசியா நாலு வரி போட்டிருக்கீங்களே, அது ஏன் தமிழ்ல இல்ல?"

"என்ன வரி?"

"நீங்கதான எழுதினீங்க?"

"வரைஞ்சது நான். படிக்கிறதுக்கு நான் என்ன காலேஜா போனேன்?"

யூனிஸ் வாசித்து அர்த்தம் சொன்னாள். குழிகளைக் குடைந்த சுழல்கள் இன்றும் நீருக்கடியில் இருக்கின்றன. மேலே அணையைத் திறந்தால் தண்ணீர் சட்டென்று ஏறும். இங்கே பலர் இறந்திருக்கிறார்கள். யாரும் இறங்கக் கூடாது.

தமிழிலும் கன்னடத்திலும் அந்த இடத்தில் இருந்தது வேறு: 'குடும்பத்தோடு வாருங்கள், ஆனந்தமாக நீராடுங்கள்.'

"தமிழ் தெரிஞ்சவன் என்ன, தண்ணில மெதப்பானா?" என்றாள் யூனிஸ்.

நோயல் சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"நமக்கெதுக்கு யூனிஸ்? பிஸ்கட்னு எழுதச் சொன்னா பிஸ்கட், பினாயில்னு எழுதச் சொன்னா பினாயில். சர்ச் கமிட்டில இருக்கிற மனுஷன். அவரு சொல்லித்தான் நமக்குப் பாதி வேலை வருது. அதுல மண்ணைப் போட்டுக்கச் சொல்றியா?"

"ஞாயித்துக்கிழமையானா நம்ம தெருவுலேர்ந்தே வேன் பிடிச்சிட்டுப் போறாங்க. அதுல யாருக்கு இங்கிலீஷ் தெரியும்? படிச்சவன் ரூம் போட்டு பால்கனில நின்னு ஆத்தைப் பாக்கறான். எறங்கிக் குளிக்கிறது நம்ம ஜனம்தான்."

அவள் பள்ளிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நோயல் பிரஷ்ஷை எடுத்தான், வைத்தான்.

ஆபத்து யாருக்கோ, அவருக்குப் புரியாத மொழியில்தான் நம் ஊரில் எத்தனையோ எச்சரிக்கைகள் எழுதப்படுகின்றன. மருந்துப் புட்டியிலும் அப்படித்தான், மின்சாரப் பெட்டியிலும் அப்படித்தான். எழுதியவர் சட்டத்திலிருந்து தப்பித்துவிடுகிறார். படிக்கத் தெரியாதவர் எதிலிருந்தும் தப்பிப்பதில்லை. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியுமா? கவனமாக யோசித்துச் செய்கிற காரியம் அல்லவா இது?

தன் கையாலேயே அந்த வரிகளை எழுதியும் தனக்கு ஒன்றும் தெரியாமல் போனதுதான் நோயலை உறுத்தியது. சிவப்பு டப்பாவைத் திறந்தான். தமிழிலும் கன்னடத்திலும் அந்த நாலு வரிகளை விடுதியின் பெயரைவிடப் பெரிதாக எழுதினான்.

மறுநாள் காலை கிளாரன்ஸ் தன் டிரைவர் ரகுவோடு பலகையை எடுத்துப் போக வந்தார்.

"இது என்னப்பா நோயல்? நான் குடுத்ததுல இது இல்லையே."

"இங்கிலீஷ்ல இருந்ததுதான் சார். இதுக்குக் கூலி வேணாம்."

"கூலியா பேச்சு? பிக்னிக் வர்றவன் மொதல்ல பாக்கறதே இந்த போர்டுதான். செத்தாங்க, செத்தாங்கன்னு எழுதி வெச்சா எவன் வருவான்? சட்டத்துக்கு ஒரு வார்னிங் வேணும், அது இங்கிலீஷ்ல இருக்கு. ஆத்தங்கரையில இருக்கிற பழைய போர்டுலயும் அப்படித்தான். அழிச்சிடு."

"என்னால முடியாது சார்."

"வேற பெயிண்டர் கெடைக்க மாட்டானா எனக்கு?"

யூனிஸ் வாசலுக்கு வந்தாள். "அங்கிள், போன ஞாயிறு சர்ச்ல வேதப் பாடம் நீங்கதான வாசிச்சீங்க? தமிழ்லதான வாசிச்சீங்க?"

"அதுக்கென்ன இப்ப?"

"ஆண்டவர் வார்த்தையை ஜனங்களுக்குப் புரியற பாஷையில சொல்றோம். சாவை மட்டும் புரியாத பாஷையில சொல்லணுமா?"

கிளாரன்ஸின் முகம் சிவந்தது. "ரகு, இதை வண்டில ஏத்து. வேற ஆள் வெச்சு அழிச்சுக்கலாம்."

ரகு பலகையின் ஒரு முனையைப் பிடித்தான். ஆனால் தூக்கவில்லை. உதடு அசைய அந்தச் சிவப்பு வரிகளை மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏத்துன்னு சொன்னேன்ல?"

"சார், பழைய போர்டுல இங்கிலீஷ்ல இருக்கிறதும் இதேதானா?"

"ஆமா. ஏன்?"

"போன மாசம் புள்ளைங்களுக்கு லீவுன்னதும் நீங்கதான் வண்டியக் குடுத்து, குடும்பத்தோட ஜாலியா போயிட்டு வான்னு அனுப்பிச்சீங்க. அந்த போர்டுகிட்டதான் சார் குளிச்சோம். எம் பொண்ணு அனுஷாவைத் தோள்மேல உக்கார வெச்சுக்கிட்டு எறங்கினேன். எல்லார் துணியையும் அந்த போர்டு மேலதான் காயப் போட்டோம். இங்கிலீஷ்ல உங்க ஓட்டல் பேரு போட்டிருக்குன்னு நெனச்சேன் சார்."

கிளாரன்ஸ் கெட்ட மனிதர் அல்ல. ரகுவின் மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டவரே அவர்தான். அன்றைக்கு அன்போடுதான் அவர்களை அனுப்பிவைத்தார். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தோள்மேலயா வெச்சிருந்தே?" என்று கேட்டார்.

"ஆமா சார். இடுப்பளவு தண்ணில."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் நோயலைப் பார்த்தார். "நீராடுங்கள்னு இருக்கிறதை அழிச்சிடு. பழைய போர்டை இன்னைக்கே கழட்டிக் கொண்டுவரச் சொல்றேன். அதுலயும் இதே மாதிரி எழுதிக் குடு."

"சரி சார்."

"ஒருத்தனை எந்தப் பாஷையில வான்னு கூப்பிடறோமோ, அதே பாஷையிலதான் ஆபத்தையும் சொல்லணும் நோயல்," என்றார் கிளாரன்ஸ். "அதைச் சொல்லாம கூப்பிட்டா, அதுக்குப் பேரு உபசாரம் இல்ல, கொலை."