மூன்றாவது கை

வியாழக்கிழமைதோறும் கபாஸ்ஸோ டீச்சருக்கு மூன்று கைகள் வேண்டும். யாருடைய கை என்பது அவருக்கு முக்கியமில்லை. லத்தீன் வகுப்பு தொடங்கியதும், "வாய்மொழித் தேர்வுக்கு யாரு வர்றீங்க?" என்பார். மூன்று பேர் கை தூக்கினால் மற்றவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம். ஒரு கை குறைந்தாலும் ஒப்பந்தம் முறிந்தது. அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை எங்காவது திறப்பார், பக்க எண்ணின் இலக்கங்களைக் கூட்டுவார், வருகைப் பதிவில் அந்த எண்ணுக்கு யார் பெயரோ அவர் தொலைந்தார்.

ஒரு பருவத்தில் பாதி வகுப்பைத்தான் இப்படிக் கேட்க நேரம் இருக்கும். மீதிப் பேருக்கு எழுத்துத் தேர்வின் மார்க்கே நிற்கும். ஆகவே யாருக்கு எந்த வியாழன் என்பதை நாங்களே குலுக்கிப் போட்டு முடிவு செய்துகொள்வோம். எங்கள் பெனவென்டோவில் மட்டுமில்லை, இத்தாலி முழுக்கப் பிள்ளைகள் இப்படித்தான் பிழைக்கிறார்கள். தன் முறை வரும்போது கை தூக்காதவரை யாரும் மன்னிக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், முட்டாள்.

லத்தீனும் ஸ்பானிஷும் அம்மா, மகள் என்பார்கள். எனக்கு அம்மாவோடு ஆகாது. என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மகளோ ஓடிவந்து கட்டிக்கொண்டாள்; ஸ்பானிஷில் எனக்குப் பத்துக்கு ஒன்பது. பிப்ரவரியில் ஸ்பெயினுக்கு, சலமங்காவுக்கு, மூன்று வாரம் அனுப்புவார்கள். வகுப்புக்கு இரண்டே இடம். ஸ்பானிஷில் முதலில் நிற்பவர்கள் போகலாம், ஆனால் ஜனவரி முடிவில் எந்தப் பாடத்திலும் ஆறுக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. ஒரு இடம் லவீனியாவுக்கு; அவள் எதிலும் இறங்குகிற ஜாதி இல்லை. மற்றது எனக்கு. நான் சறுக்கினால் அடுத்தவள் நொயெமி.

நொயெமி என் பெஞ்சுக்காரி. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை என்னைக் கேட்காமல் திறக்கிறவள். அவளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தது நான்தான். சலமங்காவில் நான் தங்கவிருந்த வீட்டுப் பெண் காந்தேலாவோடு ஞாயிறுதோறும் போனில் பேசும்போது அவளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வேன். பேச்சு பழகட்டுமே என்றுதான்.

குலுக்கலில் நொயெமிக்கு டிசம்பரில் ஒரு வியாழன் விழுந்தது. எனக்கு ஜனவரியின் கடைசி வியாழன். டிசம்பர் தொடக்கத்தில், பள்ளிக்கு எதிரே இருக்கும் காபிக் கடையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இலேனியா, உயிரக் காப்பாத்துடி. என்னோட நாள நீ எடுத்துக்க. நான் புத்தகத்தையே தொறக்கல. ஒன்னோட நாள நான் எடுத்துக்கறேன்."

"இன்னும் நாலே நாள் இருக்குடி! நான் மட்டும் என்ன கரைச்சுக் குடிச்சிருக்கேனா?"

"நீ படிச்சா வந்துரும். எனக்கு வராது. ப்ளீஸ்டி."

பக்கத்தில் எங்கள் வகுப்பு எத்தோரே பீட்ஸாத் துண்டை மடித்து வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தான். "வர்ற மார்க்கையும் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கங்க, கணக்கு சரியாயிடும்" என்றான். சுற்றி இருந்த பாதி வகுப்பு சிரித்தது. நாங்கள் நாள் மாற்றிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

அவளுடைய வியாழனில் நான் கை தூக்கினேன். ஏழு வாங்கினேன். எழுத்துத் தேர்வில் ஏற்கெனவே ஆறு இருந்தது. அவ்வளவுதான், சலமங்கா என் பையில் என்று லத்தீன் புத்தகத்தை மூடி வைத்தேன். பெட்டிக்குள் எந்த ஸ்வெட்டரை வைப்பது என்பதுதான் அதற்குப் பிறகு என் கவலை.

ஜனவரியின் கடைசி வியாழன் வந்தது. "யாரு வர்றீங்க?" என்றார் கபாஸ்ஸோ டீச்சர். இரண்டு கைகள் எழுந்தன. நான் நொயெமியைப் பார்த்தேன். அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

"ரெண்டுதானா?" என்று டீச்சர் புத்தகத்தின் மேல் கை வைத்தார்.

"நொயெமி, எந்திரிடி" என்று கிசுகிசுத்தேன்.

"எதுக்கு? ஒன்னோட நாள்தானே?"

"மாத்திக்கிட்டோமே!"

"எப்ப மாத்துனோம்? நீயா ஆசைப்பட்டுப் போன அன்னிக்கு."

முகம் பார்த்துச் சொல்லவில்லை, பேனாவிடம் சொன்னாள். பின்னால் திரும்பினேன். காபிக் கடையில் சிரித்த அத்தனை முகங்களும் அங்கே இருந்தன. ஒருவராவது வாயைத் திறப்பார்கள் என்று பார்த்தேன். எத்தோரே வாயைத் திறந்தான்.

"இலேனியா, எந்திரி! இழுத்துக்கிட்டே இருக்காத. எங்க எல்லார் தலையிலயும் மண்ணப் போடாத."

டீச்சரிடம் நொயெமியைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்தான். எங்கள் பள்ளியில் அதைச் செய்தவளோடு அதன் பிறகு யாரும் பேச மாட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"நீயா? ஏழு பத்தலையா உனக்கு?" என்று டீச்சர் சிரித்தார். "பேராசதான். வா."

டிசம்பருக்குப் பின் நடந்த பாடத்திலிருந்து ஒரு பத்தி கொடுத்தார். ஒரு ரோமானியப் படை ஆற்றைக் கடந்தது. நான் கரையிலேயே நின்றுவிட்டேன். இரண்டு மார்க். கூட்டி வகுத்தால் சராசரி ஐந்து. திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் முதுகைத் தட்டினார்கள். மணி அடித்ததும் எத்தோரே எல்லோரிடமும் சில்லறை வாங்கி எனக்கு ஒரு பீட்ஸா வாங்கி வந்தான். "எங்களக் காப்பாத்திட்ட, தெய்வமே" என்றான். பசித்ததால் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

நொயெமிக்கு எழுத்துத் தேர்வின் மார்க்கே நின்றது; அவள் சலமங்காவுக்குப் போனாள். பயத்தில் செய்துவிட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீச்சர் முன்னால் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்திருக்காது. அப்படி நினைத்தால்தான் தூங்க முடிந்தது.

அடுத்த பருவத்துக்கு வகுப்பு என்னைக் கேட்காமலே என்னை முதல் வியாழனில் போட்டது. "ஒனக்குத்தான் அஞ்ச ஆறாக்கணுமே, நல்லதுக்குத்தான்" என்றார்கள். நியாயம்தான். இந்த முறை உட்கார்ந்து படித்தேன். லத்தீன் அம்மாக்காரி மெதுவாக முகத்தைத் திருப்பி என்னைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த வியாழன் காலை, வகுப்புக்குள் நுழையும்போது, காந்தேலாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. நடைபாதையிலேயே நின்று கேட்டேன்.

"இலேனியா, எப்படி இருக்க? ஒம்மேல எனக்குக் கோவம்தான், தெரியுமா? வர இஷ்டமில்லன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல? கிறிஸ்துமஸ் லீவுலயே நொயெமி சொல்லித்தான் தெரியும், ஒனக்குப் பதிலா அவதான் வர்றான்னு. நீ சங்கடப்படுவன்னு ஒங்கிட்ட இதப் பத்திக் கேக்க வேணாம்னும் சொன்னா. எங்கம்மா அப்பவே கட்டிலெல்லாம் அவளுக்குத் தயார் பண்ணிட்டாங்க. பரவால்ல, அவளும் நல்ல பொண்ணுதான்."

கிறிஸ்துமஸில். நான் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்த நாட்களில். மறுபடி ஒருமுறை கேட்டேன், தவறாகக் கேட்டிருப்பேனோ என்று. தவறில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். நொயெமி இன்னும் சலமங்காவில்; பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"யாரு வர்றீங்க?" என்றார் டீச்சர்.

இரண்டு கைகள் எழுந்தன. எனக்குப் பாடம் தலைகீழாகத் தெரியும். கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.

"இலேனியா!" என்று பின்னாலிருந்து எத்தோரே. "தூங்கறியா? ஒன் முறை!"

"எந்திரி, இலேனியா!" என்று இன்னும் நான்கு குரல்கள். டீச்சர் என்னை ஒரு கணம் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்தார்.

"நூத்தி எழுபத்திரெண்டு."

வகுப்பே உதடு அசைத்துக் கூட்டியது. நானும்தான், பழக்கம். பத்து. எத்தோரேயின் எண். அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என் பெஞ்சைக் கடக்கும்போது குனிந்தான்.

"துரோகி."

"ஒன் முறை, ஒன் முறைன்னு கத்துனியே" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "யாரோட முறைன்னு இன்னிக்கு மட்டும் ஒங்க எல்லாருக்கும் எவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கு, பாத்தியா?"