பலகைத் தரையில் அடித்த முரசு

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. எங்கள் தீவுக்கு வரும் நர்ஸ் ராய்ஜெலி, "பெரியவரே, நீங்க செஞ்ச தப்ப நீங்களே எழுதுங்க. நான் சொன்னா ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்றாள். நானும் அவளை நம்பியதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

2

'நீலக் கடலின் மடியில் ஓர் அழகிய…'

(அடித்துவிட்டேன். கடலை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.)

என் பேத்தி அசினாத்தேவுக்குப் பத்து மாதம். கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.

"பொறந்ததுலேர்ந்தே காது கேக்கலையோ என்னவோப்பா. சூவா ஆஸ்பத்திரில சோதிக்கணும்" என்றாள் மகள் தோரிகா.

"நம்ம வம்சத்துல செவிடு கெடையாது. திமிருதான் உண்டு."

3

நான் தேவாலயத்து லாலி அடிப்பவன். (லாலி என்பது குடைந்த மரமுரசு.) சின்ன லாலி ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து, பாயில் உட்கார்ந்திருந்த குழந்தையின் முதுகுக்குப் பின்னால் பலகைத் தரையில் வைத்து ஓங்கி அடித்தேன். திரும்பிப் பார்த்தாள். ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். தலைநகர் சூவாவுக்குப் போகும் படகு நான்கு தடவை வந்துபோனது. தோரிகாவை ஏறவிடவில்லை.

(இந்தக் கதாபாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு மடையன் இருப்பானா? இருக்கிறான்.)

4

"எங்க, அடிச்சுக் காட்டுங்க" என்றாள் ராய்ஜெலி.

அடித்தேன். குழந்தை திரும்பினாள்.

"பாத்தியா?"

அவள் குழந்தையைத் தூக்கிப்போய்ப் புல்லில் நின்றாள், முதுகைக் காட்டி. "இப்ப வெளிய வந்து அடிங்க."

அடித்தேன். பக்கத்து வீட்டுப் பன்றி எழுந்து ஓடியது. அசினாத்தே நர்ஸின் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"தரை அதிர்ந்துச்சு பெரியவரே. புள்ள காதால கேக்கல, குண்டியால கேட்டுது."

நான் சிரித்தேன். தோரிகா சிரிக்கவில்லை. அப்போது அவள் முகத்தைப் பார்த்த நான்…

(வேண்டாம். இதை எழுத வரவில்லை.)

5

முடிவு ஒன்று: சூவாவில் காதில் கருவி மாட்டுகிறார்கள், என் லாலி அவளுக்குக் கேட்கிறது. எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பவில்லை.

முடிவு இரண்டு: கருவி பலிக்கவில்லை, நான் உட்பட ஊரே கையால் பேசக் கற்கிறது. "இதுவும் நல்ல முடிவுதான். எதுவானாலும் சீக்கிரம் போகணும்" என்கிறாள் ராய்ஜெலி.

மூன்றாவது, ஜெபத்தில் திடீரென்று… அதை நான் எழுதமாட்டேன்.

வியாழக்கிழமை படகு. தோரிகா, குழந்தை, நான், மூவரும் ஏறுகிறோம். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை இருந்தால், முரசைத் தேடாதீர்கள். படகு என்றைக்கு என்று கேளுங்கள்.